அண்டையில் நேர்ந்த விபத்தும் மீண்டும் இயக்கும் தீர்மானமும்

ஒரே வளாகத்தில் இரண்டு அணு உலைகள் இருக்கின்றன. ஒன்றில் விபத்து நேரிடுகிறது; அல்லது இரண்டுக்கும் அருகே பேரழிவு ஒன்று நிகழ்கிறது. பழுதுபடாத உலை நிறுத்தப்பட்டுக் கிடக்கிறது. அதனை மீண்டும் இயக்கலாமா? இவ்வினா கடந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் பலமுறை எழுந்துள்ளது. நம் தமிழகத்திலேயே, கல்பாக்கத்தில் ஒருமுறையும், சற்று வேறு வடிவில் கூடங்குளத்தில் ஒருமுறையும் எழுந்தது. பொறியியல் வல்லுநர் தம் விடையைத் தந்துள்ளனர். அதனை ஆராய்வது இக்கட்டுரையாசிரியனின் தகுதிக்கு அப்பாற்பட்டது. தீர்மானித்தவர் யாவர், எத்தனை காலத்தில் தீர்மானித்தனர், அருகில் வாழ்ந்தோரின் அச்சத்துக்கு அதில் என்ன இடம் அளித்தனர் என்பனவே ஈண்டு நாம் நோக்குபவை.

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் ஊழியம் செய்வோருக்கு இவ்வினா தொலைவானதாகத் தோன்றலாம். நம்மிடையே அணு உலை இல்லை, கடலும் இல்லை. கல்பாக்கம் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும், எங்கோ உண்டாகும் மின்சாரத்தைக் கொண்டு தொழில் நடத்துவது இவ்வெல்லைப் பகுதியின் நெடுநாளைய வழக்கம். 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியில் உண்டாக்கப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 92 மைல் தூரம் கம்பிவழி கொண்டுவரப்பட்டு, நம் வட எல்லைக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலின் சுரங்கங்களை இயக்கியது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்வழிகளுள் அது ஒன்று. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் ஆகிய ஆலைகள் தொடர்ந்தன. 2008ஆம் ஆண்டின் இறுதி முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் நிலவிய கடும் மின்பற்றாக்குறையை இவ்வூர்ச் சபையார் நன்கு அறிவர். சிறு பட்டறைகள் டீசல் ஜெனரேட்டரை நம்பி நின்றன, நம்பமுடியாதவை மூடப்பட்டன. அந்நாட்களில், கூடங்குளம் எப்போது ஓடத் தொடங்கும் என்று ஆலைத் தொழிலாளர் கேட்டதில் குற்றம் காண்பதற்கில்லை. பணிமுறை குறைந்தால் கூலி குறையும்; கூலி குறைந்தால் அடுப்பு எரியாது. ஒளி பெறுவோர் ஓரிடத்திலும் ஆபத்தைச் சுமப்போர் மற்றோரிடத்திலும் வாழ்வதே இவ்வினாவின் சிக்கல். நாம் முதல் வகையினர் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே மேற்செல்லல் வேண்டும்.

கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையம் இரண்டு அழுத்தக் கனநீர் உலைகளைக் கொண்டது. முதல் உலை 1984ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இரண்டாவது 1986ஆம் ஆண்டிலும் வணிகமுறை மின்உற்பத்தியைத் தொடங்கின. வெளிநாட்டார் உதவியின்றி இந்தியப் பொறியாளர் கட்டியெழுப்பியவை என்ற பெருமை இவற்றுக்கு உண்டு. அப்பெருமை நியாயமானதே. உலைகளுக்கு அண்மையில், எரிந்த எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் மறுபதப்படுத்தும் ஆலை ஒன்றும் உண்டு. ஆழிப்பேரலையைப் பற்றிப் பேசுவதற்குமுன் இந்த ஆலையில் நடந்ததைக் கூறவேண்டும். அதனைப் பெரும்பாலோர் மறந்துவிட்டனர்.

2003ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், அங்குக் கழிவுத் தொட்டியிலிருந்து மாதிரி எடுக்கச் சென்ற பணியாளர், தாம் அறியாமலேயே மிகுந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். பாதிக்கப்பட்டோர் அறுவர். வால்வு ஒன்று பழுதுபட்டு, கடுங்கதிரியக்கக் கழிவு கசிந்து, சிறு கதிரியக்கமே இருக்கவேண்டிய தொட்டிக்குள் வந்து சேர்ந்திருந்தது. ஆலை தொடங்கி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தும் அவ்விடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் கருவி பொருத்தப்படவில்லை. பாதுகாப்புக் குழு ஆலையை நிறுத்துமாறு பரிந்துரைத்தது. நிர்வாகம் தொடர்ந்து இயக்கியது. பணியாளர் சங்கம், முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிப்பது உள்ளிட்ட பத்துக் கோரிக்கைகளை எழுதி அனுப்பியது, விடை வரவில்லை. சில மாதங்கள் சென்றபின் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தினர் சிலர் இடமாற்றம் செய்யப்பட்டனர். ஆறு மாதங்கள் கழித்துச் செய்தி வெளியுலகுக்குத் தெரிந்த பின்னரே, இந்திய அணுத்துறை வரலாற்றில் பணியாளர் கதிர்வீச்சுக்கு ஆளான நிகழ்ச்சிகளுள் மிக மோசமானது இது என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். கூடவே, பணியாளரின் மிகையான ஆர்வமும் தவறான முடிவுமே காரணம் என்றும் கூறினர். 2000ஆம் ஆண்டிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. எனவே ஆலையை இயக்குவோரும் அதனைச் சோதிப்போரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். இங்கே அச்சம் தெரிவித்தவர், அணுவைப் பற்றி ஏதும் அறியாத பாமரர் அல்லர் என்பது குறிக்கத்தக்கது. அவ்வாலையின் நுட்பங்களைக் கையால் தொட்டறிந்தவர்களே அஞ்சினார்கள்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் கிறிஸ்து பிறப்புத் திருநாள். காலையில் ஆழிப்பேரலை கோரமண்டலக் கரையைத் தாக்கியது. கல்பாக்கத்தின் முதல் உலை அப்போது குழாய்களை மாற்றும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது; இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. குளிர்விக்கும் கடல்நீரைக் கொணர, கடலுக்குள் அரைக் கிலோமீட்டர் அளவு செல்லும் சுரங்கவழி ஒன்று உண்டு. அவ்வழியே ஏறிவந்த நீர் பம்பு அறையை நிரப்பிற்று, பம்புகள் மூழ்கின. நீர்மட்டம் உயர்வதைக் கண்ட பணியாளர் உலையை நிறுத்தினர். பிளவு வினை நின்ற பின்னரும் எரிபொருளில் வெப்பம் எஞ்சியிருக்கும்; அதனை அகற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2011இல் ஃபுகுஷிமா உலகுக்குக் காட்டியது. கல்பாக்கத்தில் அவ்வெப்பம் முறையாக அகற்றப்பட்டது. வெளி மின்சாரம் அறுபடவில்லை. அவசரகால டீசல் இயந்திரங்கள் உயரத்தில் இருந்தன. உலைக் கட்டடத்துக்குள் நீர் புகவில்லை. கதிர்வீச்சு எதுவும் வெளியேறவில்லை என்று அறிவிக்கப்பட்டது. அன்றைய பணிமுறையில் இருந்த பணியாளரின் நிதானத்தை நாம் போற்றாமலிருக்க முடியாது. அவர்கள் கட்டுப்பாட்டு அறையில் நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில் அவர்களது குடியிருப்பைக் கடல் சூறையாடிக்கொண்டிருந்தது. நகரியத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதிவேக ஈனுலைக்காகத் தோண்டப்பட்டிருந்த பெருங்குழி கடல்நீரால் நிரம்பியது.

ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்று, 2005ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் இரண்டாவது உலை மீண்டும் இயக்கப்பட்டது. அன்றும் ஞாயிறு. ஞாயிறுக்கு ஞாயிறு, ஏழே நாள்.

பம்புகள் கழுவி உலர்த்தப்பட்டன, மின்கருவிகள் சோதிக்கப்பட்டன, கட்டடங்கள் ஆராயப்பட்டன. உலைக்கு ஊறு ஒன்றும் இல்லை என்பது உறுதியாயிற்று. பொறியியல் அளவில் இத்தீர்மானம் பிழையென்று கூற எனக்கு ஆதாரமில்லை. ஆனால் நிலையத்தை வடிவமைத்தபோது புயலால் எழும் கடல்பெருக்கையே கணக்கில் கொண்டிருந்தனர். ஆழிப்பேரலையைக் கணக்கில் கொள்ளவில்லை. கணக்கில் இல்லாதது வந்து நின்றபின், கணக்கையே மறுபடி பார்க்கவேண்டாவா? அப்பார்வை பின்னர் நிகழ்ந்தது: 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆதரவில், அணுமின் நிலையங்களை வெள்ளம் தாக்குவது பற்றிய கருத்தரங்கு கல்பாக்கத்திலேயே கூடியது. உலை ஓடத் தொடங்கி எட்டு மாதங்களுக்குப் பிறகு! அன்றியும், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் முதலிய சுற்றூர்களின் மக்கள் அவ்வாரத்தில் பிணங்களைத் தேடிக்கொண்டும் அடக்கம் செய்துகொண்டும் இருந்தனர். உலையை இயக்குவது பற்றி அவர்களிடம் கேட்கும் வழக்கம் நம் நாட்டில் எப்போதும் இருந்ததில்லை. அவ்வாரத்தில் கேட்டிருந்தாலும் விடையளிக்கும் நிலையில் அவர்கள் இல்லை. ஒழுங்குமுறை வாரியம், 1983ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நாள்முதல், தான் கண்காணிக்கவேண்டிய துறையின் தலைவரே தலைமை தாங்கும் அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டதாகவே இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணல் வேண்டும்.

உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் விந்தையானதொரு பிரமாணம் உண்டு. வெளியில் ஒருவன் வெட்டுண்டு கிடக்கிறான். கொன்றவன் இன்னானென்று தெரியவில்லை. மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுப்போய், பிணம் கிடக்கும் இடத்துக்கும் சுற்றிலுமுள்ள பட்டணங்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளக்கிறார்கள். மிக அருகிலுள்ள பட்டணத்தின் மூப்பர் முன்வந்து பொறுப்பேற்க வேண்டும். அருகாமை என்பது பொறுப்பைத் தருகிறது என்பதே இதன் அடிப்படை. நம் காலத்து அணுச்சட்டங்களிலும் தூரம் அளக்கப்படுகிறது. நிலையத்தைச் சுற்றி வட்டங்கள் வரையப்படுகின்றன. ஆனால் அவ்வட்டத்துக்குள் வாழ்வோர் அவசரகாலத்தில் வெளியேற்றப்பட வேண்டியவராகவே எண்ணப்படுகின்றனர். தீர்மானத்தில் பேச உரிமையுள்ள மூப்பராக எண்ணப்படுவதில்லை.

இவ்வுரிமையைக் கேட்டு நீதிமன்றம் வரை சென்றவர்களின் வரலாறு அமெரிக்காவில் உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவஹானா ஆற்றின் நடுவேயுள்ள திரீ மைல் ஐலண்டு என்னும் தீவில் இரண்டு உலைகள் இருந்தன. 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் அதிகாலையில் இரண்டாவது உலையின் எரிபொருள் பெருமளவு உருகியது. மாநில ஆளுநர், கருவுற்ற பெண்டிரும் சிறு குழந்தைகளும் ஐந்து மைல் வட்டத்தைவிட்டு நீங்குமாறு அறிவுறுத்தினார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாமாகவே வெளியேறினர். முதல் உலை அவ்வேளை எரிபொருள் மாற்றுவதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு ஒரு சேதமும் இல்லை. எனினும் அணு ஒழுங்குமுறை ஆணையம், விசாரணை முடியும்வரை அதனை இயக்கலாகாதென்று 1979 சூலையில் ஆணையிட்டது. இயந்திரத்தைவிட அதனை நடத்துவோரின் நேர்மையே ஐயத்துக்குரியதாயிற்று. 1981இல் உலையை இயக்குவோருக்கான உரிமத் தேர்வில் சிலர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது வெளிப்பட்டது. விபத்துக்கு முன் இரண்டாவது உலையின் நீர்க்கசிவு அளவுகளைத் திரித்தெழுதிய குற்றத்தை 1984இல் நிறுவனம் நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்டது.

அவ்வூர் மக்களின் சங்கமொன்று புதியதொரு வாதத்தை முன்வைத்தது. ஒருமுறை உயிருக்கஞ்சி ஓடியவர்கள், அதே தீவில் புகைக்கூண்டு மறுபடி ஆவி கக்குவதை நாள்தோறும் காண்பதே உளநோயை உண்டாக்கும். சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் இத்தீங்கையும் ஆணையம் எடைபோட வேண்டும் என்பது அவ்வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982இல் இதனை ஏற்றது. 1983 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. சட்டம் காப்பது இயற்கைச் சூழலை. ஆபத்து வரக்கூடும் என்பது சூழலில் நேரும் மாற்றமன்று. அதனால் எழும் அச்சம் காரணகாரியச் சங்கிலியில் மிகத் தொலைவில் உள்ளது. இத்தகைய கருத்து வேற்றுமைகளை அரசியல் களத்தில் தீர்த்துக்கொள்க என்பது தீர்ப்பின் சாரம். சட்டநூலாக நோக்கினால் குறைகூற முடியாத தருக்கம். ஆனால் அரசியல் களத்திலும் அம்மக்கள் முன்னரே பேசியிருந்தனர். 1982 மே மாதத்தில் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களில் வாக்கெடுப்பு நடந்து, ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் மக்கள் மறுத்திருந்தனர். அவ்வாக்கெடுப்பு எவரையும் கட்டுப்படுத்துவதன்று! 1985 மே 29 அன்று ஆணையம் நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதி வழங்கியது. அக்டோபர் 3 அன்று உலை ஓடியது. ஆறரை ஆண்டுத் தாமதம். அதன்பின் 2019 செப்டம்பர் வரை, பெரிய விபத்தேதும் இன்றி அது ஓடி, நட்டம் காரணமாக மூடப்பட்டது என்பதையும் நேர்மையோடு பதிவு செய்தல் வேண்டும். 2024இல் அதே உலையை மறுபடியும் இயக்கப்போவதாக உரிமையாளர் அறிவித்தனர். இம்முறை மின்சாரம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கணிப்பொறி மையங்களுக்காக.

திருச்சபைகளின் நிலையை ஒரு சொல்லில் குறிப்பிடுவோம். விபத்து நிகழ்ந்து நான்கு மாதங்கள் ஆகுமுன், 1979 சூலையில், உலகத் திருச்சபைகள் மாமன்றம் விசுவாசம், அறிவியல், எதிர்காலம் பற்றிய மாநாட்டை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கூட்டியது. நம் நாட்டவரான பவுலோஸ் மார் கிரகோரியோஸ் அதற்குத் தலைமை தாங்கினார். புதிய அணுமின் நிலையங்களைக் கட்டுவதை ஐந்தாண்டுகள் நிறுத்திவைக்க வேண்டுமென, கருத்து வேறுபாடுகளுக்கிடையே, மாநாடு கேட்டுக்கொண்டது. தமிழ்ச் சபைகளில் அது எவ்வளவு படிக்கப்பட்டது என்று மாணவர்கள் ஆராய்வார்களாயின் பயனுண்டு.

கூடங்குளத்தின் கதை அண்மையது, பலரும் அறிந்தது. 1988இல் சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம், 2002இல் கட்டுமானம். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா. அவ்வாண்டு சூலையில் முதல் உலையின் வெப்பச் சோதனை ஓட்டம் தொடங்கியது. அதன் பேரிரைச்சலைக் கேட்ட கடற்கரை மக்கள், தொலைக்காட்சியில் கண்ட சப்பானிய ஊர்களை நினைத்தனர். செப்டம்பர் 11 முதல் இடிந்தகரை லூர்து மாதா ஆலய முற்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உண்ணாநோன்பு இருந்தனர். 22ஆம் நாள் மாநில அமைச்சரவை, மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்திவைக்குமாறு மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் இயற்றியது. மக்களின் அச்சத்தை ஓர் அரசு தன் தீர்மானத்துக்குக் காரணமாக எழுதிவைத்தது நம் வரலாற்றில் அரிதான செய்தி. பென்சில்வேனியா மக்களுக்கு நீதிமன்றம் தர மறுத்ததை, திருநெல்வேலிக் கரை மக்கள் ஆறு மாதங்களுக்கேனும் பெற்றனர்.

ஆறு மாதங்களே. மத்திய அரசின் வல்லுநர் குழுவும் மாநில அரசின் குழுவும் நிலையம் பாதுகாப்பானதென்று அறிக்கை தந்தன. அதற்கிடையே மாநிலம் முழுதும் மின்வெட்டு நீண்டுகொண்டே போயிற்று. 2012 மார்ச் 19 அன்று அமைச்சரவை பணிகளைத் தொடர ஒப்புதல் அளித்து, அப்பகுதியின் வளர்ச்சிக்கு ரூபாய் 500 கோடியும் அறிவித்தது. செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கூடியோர்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அன்றே மணப்பாட்டில் காவலர் துப்பாக்கிச்சூட்டில் மீனவர் ஒருவர் உயிர்துறந்தார். ஆயிரக்கணக்கானோர்மீது அரசத்துரோக வழக்குகள் பதியப்பட்டன. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் பதினைந்து கட்டளைகளோடு நிலையத்தை அனுமதித்தது. மக்களின் அச்சம் நியாயமானதாயினும் திட்டத்தின் தேவையை அது மீறமுடியாது என்றும், வருங்காலத்தில் நிகழ்வதை எவரும் முன்னறிய இயலாதாதலின் பெரும்பகுதியை ஊழுக்கு விட்டுவிட வேண்டியதே என்றும் தீர்ப்பு கூறியது. பகுத்தறிவின் பெயரால் மீனவரின் அச்சத்தைத் தள்ளிய மன்றம், இறுதியில் ஊழை அழைத்தது வியப்பே. சூலை 13 அன்று உலையில் தொடர்வினை தொடங்கியது.

எல்லையைப் பற்றிய ஒரு செய்தியைக் கூறவேண்டும். எல்லையில் வாழும் நமக்கு அது உரியது. ஃபுகுஷிமாவுக்குப்பின் நிறுத்தப்பட்ட சப்பானிய உலைகளுள், ஃபுகுயி மாநிலத்தின் தகஹாமா நிலையத்தில் மூன்றாவது உலை 2016 சனவரியில் மீண்டும் இயக்கப்பட்டது. நிலையம் அமைந்த ஊரும் மாநிலமும் சம்மதித்திருந்தன. வரியும் வேலையும் அவர்களுக்கே. அண்டை மாநிலமான ஷிகாவின் குடிகள் சிலர், தம் ஒட்சு நகர நீதிமன்றத்தில் முறையிட்டனர். மார்ச் 9 அன்று அம்மன்றம் ஓடிக்கொண்டிருந்த உலையையே நிறுத்தச் செய்தது. ஓராண்டு கழித்து மேல்மன்றம் அத்தடையை நீக்கிற்று. எனினும், காற்று மாநில எல்லையைப் பார்த்து நிற்பதில்லை என்னும் எளிய உண்மை ஒருமுறை தீர்ப்பாக எழுதப்பட்டது.

நம் எல்லையிலும் இதுபோன்றதொன்று நிகழ்ந்தது. 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, அந்நிலையத்தின் கழிவைக் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் வைக்கும் எண்ணம் பற்றி உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் தரப்பில் சொல்லப்பட்டது. சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டு, வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்குமுன் சென்ற தமிழ்த் தொழிலாளரின் குடும்பங்கள் வேலையின்றி அங்கேயே தங்கியிருந்தன. அவர்கள் வீதிக்கு வந்தனர், கடைகள் அடைக்கப்பட்டன, கர்நாடக அரசும் எதிர்த்தது. கூடங்குளத்து மின்சாரத்தில் கர்நாடகத்துக்கும் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை அந்நாட்களில் எடுத்துரைத்தோர் சிலரே. சில நாட்களுக்குள் அணுசக்தித் துறை, அப்படியொரு திட்டமே இல்லையென்று மறுத்தது. 1980களில் பாறைகளைப் பற்றிய ஆய்வு மட்டுமே அங்கு நடந்தது என்றும் விளக்கியது. இடிந்தகரையில் ஓராண்டுக்கு மேலாக உண்ணாநோன்பிருந்தும் பெறமுடியாத விடையைத் தங்கவயல் ஒரு வாரத்தில் பெற்றது. அந்த எரிபொருள் கோலாருக்கு வரவில்லை. கூடங்குளத்து வளாகத்திலேயே, இடிந்தகரை ஆலயத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே, வைக்கப்பட்டு வருகிறது.